கூழ்ப்பானைக்குச் சீல் குத்திய கதை

எங்கே இருந்தாலும் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கும் என் செலினக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய். பழக்கம் விடமாட்டேன் என்கிறது. நீ போனது தை மாதம். இப்போது ஆடியும் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உனக்கு எழுதாததற்குக் காரணம், உட்கார்ந்தால் அழுகைதான் வரும் என்கிற பயம். இன்றைக்கு அந்தப் பயம் இல்லை. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் சும்மா நடந்துவிட்டு வந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு எழுதுகிறேன். நான் சும்மா நடக்கிறவளா, நீயே சொல்.

நம் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி டி.சி. வாங்கிக்கொண்டு போக இருந்தாள். பாதிக் காரணம் என் வாய், மீதிக் காரணம் ஒரு ரப்பர் முத்திரை. நீ இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போக விட்டிருக்க மாட்டாய். நீ இல்லாமல் இதைத் தாண்டி வந்தேன் என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் இருந்த உறவு உனக்குத் தெரியும். கேள்வித்தாள் தட்டுவதிலிருந்து செல்போனில் வருகைப்பதிவு போடுவது வரை எல்லாம் நீதான். "இங்க குடு, நீ தொட்டா அது கோச்சுக்கும்" என்று பிடுங்கிக்கொள்வாய். ஜூன் மாதம் ஹெச்.எம். சிஸ்டர் கூப்பிட்டு, அம்பத்தூரில் ஆசிரியர்களுக்கு விக்கி செய்யும் பயிற்சி, நீங்கள் போக வேண்டும் என்றார். நான் எதற்கு சிஸ்டர், சின்ன வயசு டீச்சர்கள் இருக்கிறார்களே என்றேன். "அடுத்து யாரை அனுப்பலாம்னு கேட்டப்ப செலின் உங்க பேரைத்தான் சொன்னாங்க" என்றார். அடிப்பாவி என்று மனசுக்குள் சொன்னேன். செத்தவளைத் திட்டக்கூடாது, தெரியும். ஆனாலும் திட்டினேன்.

பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். விக்கி என்றால் எல்லாரும் சேர்ந்து எழுதுகிற இணையப் பக்கங்கள், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்று விளக்கினாள். "அப்போ மார்க் யாருக்குப் போடறது?" என்று கேட்டேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகத்தான் கேட்டேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல், "அது நல்ல கேள்வி மேடம், எனக்கும் இன்னும் சரியா தெரியல" என்றாள். அந்த ஒரு பதிலுக்காகவே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

மௌஸைப் பிடித்தால் அம்புக்குறி எங்கேயோ ஓடும். தமிழில் தட்டச் சொன்னால் எழுத்து ஒன்று கேட்க இன்னொன்று வரும். ஆனாலும் விடவில்லை. பருத்திப்பட்டு ஏரி என்று தலைப்புப் போட்டு, நாலு வரி எழுதி, 'சேமி' என்கிற பொத்தானை அழுத்தினேன். பக்கம் வந்து நின்றது. என் பக்கம். உடனே கைப்பையிலிருந்து போனை எடுத்து உன் பெயரைத் தேடிவிட்டேன், செலினக்கா. உன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை. அங்கேயே, எல்லார் முன்னாலும், கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாகப் போயிற்று.

எட்டாம் வகுப்புக்கு ஒரு விக்கி ஆரம்பித்தேன். எங்கள் ஊர்ப் பக்கங்கள் என்று பெயர். ஆளுக்கொரு பெயரில் உள்ளே போகலாம், நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் எழுதலாம். நான் என்னமோ பிள்ளைகள் பாய்ந்து வந்து திருத்துவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கையே வைக்கவில்லை. ஏரிப் பக்கத்தில் ஒருவன் பறவை வருவதில்லை என்று எழுதினால், அடுத்தவன் அதைத் தொடாமல் கீழே போய் "மேலே சொன்னது தவறு, பறவை வரும்" என்று எழுதுகிறான். அதற்கும் கீழே ஒருத்தி, "இருவர் சொன்னதும் பாதி சரி." ஏன் என்று யோசித்தால், நாம்தானே முதல் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுத்தோம், அடுத்தவங்க நோட்டில் எழுதாதே என்று. அடித்தே சொல்லியிருக்கிறோம்.

அதனால் நானே ஒரு பக்கத்தில் "ஆவடியில் கடல் இருக்கிறது" என்று எழுதி, தைரியம் இருந்தால் திருத்துங்கள் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து கீர்த்தனா எழுந்து வந்தாள். போன வருஷம் உன்னிடம் கணக்கு படித்தாளே, வெள்ளானூரிலிருந்து வருகிற ஒல்லிப் பெண், அவள்தான். என் வரியை அழித்துவிட்டு, "ஆவடியில் கடல் இல்லை. மிஸ் தப்பாக எழுதியிருக்கிறார்" என்று தட்டினாள். வகுப்பே கை தட்டியது. எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது, அப்புறம் நானும் தட்டினேன். அன்றிலிருந்து அடைமழைதான்.

பிரச்சினை திருவிழாப் பக்கத்தில் வந்தது. கீர்த்தனாவும் அவள் பக்கத்தில் உட்காருகிற யாழினியும் ஒரே ஊர், பங்காளிப் பிள்ளைகள். தாத்தாக்கள் இருவரும் கூடப்பிறந்தவர்கள். வெள்ளானூரில் ஆடி ஞாயிற்றுக்கிழமை அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது, ஊர்ப் பானைகளுக்கெல்லாம் முன்னால் இந்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டுப் பானைதான் போகும். கோவில் அண்டாவில் முதலில் ஊற்றுவது அந்தப் பானை. பூசாரி அதற்கு மாலை போடுவார். ஒரு வருஷம் இவர்கள், மறு வருஷம் அவர்கள், இதுதான் முறை.

கொரோனா வருஷம் கோவில் பூட்டிக் கிடந்தது, திருவிழா இல்லை. அங்கேதான் சிக்கல் விழுந்தது. நின்றுபோன அந்த வருஷம் யார் முறையில் சேரும்? முறை கழிந்துவிட்டது என்கிறது ஒரு வீடு. ஊற்றாத கூழ் எப்படிக் கழியும் என்கிறது இன்னொரு வீடு. அதற்கப்புறம் வந்த திருவிழாக்களில் பூசாரி தன் வீட்டுப் பானையை முதலில் ஊற்றிச் சமாளித்துவந்தார். இந்த வருஷம் அவர், என்னால் ஆகாது, நீங்களே பேசி முடியுங்கள் என்று கையைக் கழுவிவிட்டார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதும் தெரியாது.

கீர்த்தனா, இந்த வருஷம் முதல் பானை தன் வீட்டுப் பானை என்று விக்கியில் எழுதினாள். யாழினி அதை அழித்துவிட்டுத் தன் வீட்டுப் பெயரைப் போட்டாள். இவள் மாற்ற, அவள் மாற்ற, யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றைத் திறந்து பார்த்தால் இரண்டு பெயர்களும் மாறி மாறி நிற்கின்றன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்குத் தெரிந்த அதே கோபம்தான். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல், யாரும் தொட முடியாதபடி அந்தப் பக்கத்தைப் பூட்டினேன். பூட்டுவது எப்படி என்று மட்டும் பயிற்சியில் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன், பார். பூட்டும்போது அதில் இருந்தது யாழினி வீட்டுப் பெயர்.

அதோடு விட்டேனா? அந்த வாரமே பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் எழுதிய பக்கங்களையெல்லாம் அச்சடித்து வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். வெறும் தாளாகத் தொங்குவது கண்ணுக்கு நன்றாக இல்லை. சீல் இல்லாத காகிதம் நம் ஊரில் காகிதமா? ஆபீஸுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்து ரப்பர் முத்திரையை வாங்கிவந்து ஒவ்வொன்றிலும் குத்தி, பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்தும் போட்டேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமை தெரியுமா, செலின் பார்க்காமல் போனாளே என்று.

யாழினியின் அப்பா முருகவேல், மனை வாங்கி விற்கிறவர், கூட்டத்துக்கு வந்தார். திருவிழாப் பக்கத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். மகள் எழுதியதை ஆசையாக எடுக்கிறார் என்று நினைத்து நானே விலகி வெளிச்சம் விட்டேன். அன்றைக்கே அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போய் விழுந்தது. ஸ்கூல்லயே சீல் குத்திக் குடுத்துட்டாங்க, இனிமே பேச்சு கிடையாது என்று கீழே ஒரு வரி.

திங்கட்கிழமை காலையில் கீர்த்தனாவின் அப்பா தனசேகர் வந்தார். ஃபேக்டரியில் ஒப்பந்த வெல்டர், வேலைச் சட்டையோடே வந்திருந்தார்.

"டீச்சர், எம்பொண்ணு டிசியக் குடுத்துருங்க."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"இன்னா ஆச்சா? மொதப் பானை அவுங்களுதுன்னு சீல் குத்திக் கையெழுத்தும் போட்டுட்டு இன்னா ஆச்சுன்றீங்க. ஊரே பாத்துகினு சிரிக்குது."

"அது பசங்க எழுதின பாடங்க."

"பசங்க எழுதுனதுக்கு எதுக்கு டீச்சர் சீலு?"

நியாயமான கேள்விதான், செலினக்கா. நியாயமாக யாராவது கேட்டால் எனக்கு என்ன வரும்? கோபம் வரும். "டி.சி.தானே வேணும்? ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போங்க" என்றேன்.

"வாங்கினுதான் போவேன். பூந்தமல்லில எங்க அக்கா ஊட்ல உட்டுப் படிக்க வெச்சுக்கிறேன்" என்று நேராக ஆபீஸுக்குப் போய்விட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் நீ என்ன செய்வாய் என்று அப்புறம்தான் நினைத்தேன். "இன்னாண்ணா, வெய்யில்ல வந்துகீறீங்க, மொதல்ல ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்பாய். பாதிப் பேருக்குத் தண்ணீர் குடித்ததுமே வந்த காரியம் மறந்துவிடும். இத்தனை வருஷம் நான் மூட்டிவிட்டதையெல்லாம் நீ அணைத்தாய். இப்போது மூட்ட மட்டும் ஆள் இருக்கிறது.

சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தேன்மொழி, கோவத்துல டி.சி. குடுக்கற பள்ளிக்கூடம் இல்ல இது. சனிக்கிழமை அப்பா அம்மா ரெண்டு பேரும் வரணும்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதுக்குள்ள உங்களால என்ன முடியுமோ செய்யுங்க" என்றார்.

அன்றிலிருந்து கீர்த்தனா வரவில்லை. யாழினி தன் பையை அந்தக் காலியிடத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். "மிஸ், நான்தான் மிஸ் மாத்தினேன். அவ மாத்தினா நானும் மாத்துவேன், அது வெளையாட்டு மாதிரிதான் மிஸ். வீட்ல சண்டைன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா நாங்க சண்டை இல்ல" என்று தேம்பினாள். ஆவடியில் கடல் இல்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்ன ஒரே பெண், என்னால் அத்தை வீட்டுக்குப் போகப் போகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. விக்கியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றுகூட உட்கார்ந்தேன்.

அழிப்பது எப்படி என்று கேட்கத்தான் பயிற்சி கொடுத்த பெண்ணுக்குப் போன் போட்டேன். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "பூட்டினது பெரிய தப்பு இல்ல மேடம். அதுக்கு முன்னாடி அவங்களை உரையாடல் பக்கத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்றாள்.

"அது என்னது?"

"ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னாடி ஒண்ணு இருக்குமே மேடம். நான் ஏன் இப்படி எழுதினேன், நீ ஏன் மாத்தினன்னு பேசித் தீர்த்துக்கற எடம். சண்டையெல்லாம் அங்கதான் போடணும். முடிவானது மட்டும்தான் முன்பக்கத்துக்கு வரணும்."

பக்கத்துக்கு மேலே உரையாடல் என்றிருக்கும் அந்தப் பொத்தானை நான் பார்த்திருக்கிறேன். வெட்டி அரட்டைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, யாரும் அதைத் தொடக்கூடாது என்று முதல் நாளே பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டிருந்தேன். நம்மை எல்லாம் என்னவென்று சொல்வது? வகுப்பில் பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதியே வளர்ந்த கூட்டம்.

சனிக்கிழமைக்கு முருகவேல் வீட்டாரையும் வரச் சொன்னேன். இரண்டு குடும்பமும் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்ததும், ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அம்மாக்கள் இருவரும் கதவோரம் நின்றார்கள். நான் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தேன். உன் மாதிரி இன்னாண்ணா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தேன். பூட்டைத் திறந்துவிட்டேன், தெரியாமல் சீல் குத்திவிட்டேன், அந்தத் தாளைக் கழற்றிக் கிழித்துவிட்டேன், அது செல்லாது என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன், நம்பு.

"உங்க ரெண்டு பேர் நியாயத்தையும் இங்க எழுதலாம். நீங்க சொல்லுங்க, பொண்ணுங்க தட்டுவாங்க" என்றேன். ஒன்று மட்டும் மாற்றி உட்கார வைத்தேன். முருகவேல் சொல்வதைக் கீர்த்தனா தட்ட வேண்டும், தனசேகர் சொல்வதை யாழினி தட்ட வேண்டும். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்தந்த அப்பாவுக்கு அந்தந்தப் பிள்ளை என்றால் பழையபடி இரண்டு கட்சியாகிவிடும் என்று தோன்றியது.

முதலில் ரயில் வேகத்தில் பேசினார்கள். கீர்த்தனா, "மெதுவா சொல்லுங்க பெரியப்பா, எனக்கு 'ழ' எங்க இருக்குன்னு தேடணும்" என்றாள். பேச்சுவார்த்தை நின்ற வீட்டிலிருந்து அந்தப் பெரியப்பா என்கிற வார்த்தை வந்ததும் முருகவேல் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லும்போது மனுஷனால் கத்த முடியவில்லை, செலினக்கா. அதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் நேருக்கு நேர் பேசவில்லை. "அவுருகிட்ட கேளுங்க டீச்சர், எங்கப்பா இருந்தப்ப இந்தப் பேச்சு வந்துச்சா" என்பார் தனசேகர். "அவுருக்குச் சொல்லுங்க டீச்சர், அப்ப கொரோனா வரல" என்பார் முருகவேல். நான் நடுவில் தபால்காரி.

தனசேகர் யாழினிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்த வருஷம் கோயில் தொறக்கல. யாரும் கூழு ஊத்தல. ஊத்தாதது கணக்குல வராது. எழுதிக்கினியாம்மா?"

கதவோரத்திலிருந்து யாழினியின் அம்மா அமுதா, "யாரு சொன்னது ஊத்தலன்னு?" என்றார்.

"நீ சும்மா கெட" என்றார் முருகவேல்.

"எதுக்கு சும்மா கெடக்கணும்? பேசுற எடந்தான இதுன்னு டீச்சரே சொன்னாங்க. அந்த வருஷம் நாங்க ஊத்துனோம். நானும் அவளும்" என்று பக்கத்தில் நின்ற கீர்த்தனாவின் அம்மாவைக் காட்டினார். "கடை கண்ணி இல்ல. என்னாண்ட பானை இருந்துச்சு, கேவுரு மாவு இல்ல. இவளாண்ட கேவுரு இருந்துச்சு. எங்க ஊட்டுப் பின்னால ஒரே அடுப்புல காச்சி, அம்மனை நெனச்சு சூடம் காட்டிட்டு, பக்கத்துப் புது மனைல கட்டட வேல செய்ய வந்துட்டு ஊருக்குப் போவ முடியாம கெடந்தாங்களே, அவுங்களுக்குச் செவுத்து மேலயே குடுத்தோம். சொம்பு சொம்பா வாங்கிக் குடிச்சாங்க."

முருகவேல் மனைவியைப் பார்த்தார். "எங்ககிட்ட ஏன் சொல்லல?"

பதில் கீர்த்தனாவின் அம்மாவிடமிருந்து வந்தது. "சொன்னா அதுக்கும் யாரு முறைன்னு கேப்பீங்க. அதான் சொல்லல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன். யாழினி யாரும் சொல்லாமலே அத்தனையையும் தட்டிக்கொண்டிருந்தாள். தனசேகர், "படிம்மா" என்றார். அவள் படித்தாள். பானை ஒரு வீட்டுடையது, கேழ்வரகு இன்னொரு வீட்டுடையது என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி படித்தாள்.

"அப்ப அது யாரு கணக்குல வரும்?" என்று முருகவேல் மெதுவாகக் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் சொல்லாமல் இருந்ததுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய வேலை.

கிளம்பும்போது தனசேகர் சிஸ்டர் அறைப் பக்கம் திரும்பவில்லை. "டிசி இருக்கட்டும் டீச்சர், ஆடி முடியட்டும், பாக்கலாம்" என்றார். அது பாதி நிம்மதிதான். திருவிழாவில் ஏதாவது ஆகிவிட்டால் பெண் பூந்தமல்லிக்குப் போய்விடுவாள். முருகவேல் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "டீச்சர், பேசி முடிஞ்ச பெறவு அதுக்கும் ஒரு சீல் குத்திக் குடுத்துருங்க" என்றார். விக்கிக்குச் சீல் கிடையாது என்று கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

கூழ் ஊற்றுகிற அந்த ஞாயிற்றுக்கிழமை என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வெள்ளானூருக்குப் போனேன். பம்பைச் சத்தம், வேப்பிலை, மைக்கில் யாரோ குழந்தையைக் காணவில்லை என்று அறிவிக்கிறார்கள். தனசேகர் ஒரு பக்கம் தோளில் துண்டோடு நிற்கிறார், முருகவேல் மறுபக்கம். தெரு முனையிலிருந்து பானைகள் வர ஆரம்பித்தன.

முன்னால் வந்தது ஒரே ஒரு பானை, செலினக்கா. மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய பெரிய பானை. அமுதாவும் கீர்த்தனாவின் அம்மாவும் கீழே வைக்கோல் பிரிமணை கொடுத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவந்தார்கள். பின்னால் கீர்த்தனாவும் யாழினியும் வேப்பிலைக் கொத்தோடு. ஆண்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். காலையிலேயே அதே அடுப்பில் காய்ச்சிவிட்டார்கள்.

பூசாரி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "பானை யாருது?" என்று கேட்டார். அம்மாக்கள் இருவரும் காது கேளாதவர்கள் மாதிரி அம்மனைப் பார்த்து நின்றார்கள். கூட்டம் இரண்டு ஆண்களையும் பார்த்தது. தனசேகர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம் எதிர்ப்பக்கம் பார்த்து, "அண்ணே, மாலையைப் பானைக்கே போடச் சொல்லு" என்றார்.

"ம். போடுங்க" என்றார் முருகவேல்.

அவ்வளவுதான். ஊற்றினார்கள். எனக்கும் ஒரு சொம்பு கூழ், வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல். எத்தனை நாளைக்கு அப்புறம் ஒன்று தொண்டையில் இறங்கியது. தனசேகர் என்னைப் பார்த்து, "இன்னொரு சொம்பு குடிங்க டீச்சர், எளச்சுப் போய்கீறீங்க" என்றார். திங்கட்கிழமை மணி அடிக்கும்போது கீர்த்தனா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். யாழினியின் பை கீழே போயிருந்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் பாடம் எடுத்தேன். ஆனந்தமாக அழுதேன், கவலைப்படாதே.

இப்போது விக்கியில் எந்தப் பக்கமும் பூட்டில் இல்லை. ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. அது உன் பக்கம்.

ஆமாம், உனக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. விக்கி தொடங்கிய அன்றே நான் எழுதி, எழுதிய கையோடு பூட்டிவைத்தது. ஆசிரியப்பணிக்கே தன்னை அர்ப்பணித்தவர், அன்பே உருவானவர் என்றெல்லாம் கல்லறையில் பொறிக்கிற மாதிரி எழுதியிருந்தேன். உன்னைப் பற்றி யாரும் எதையும் மாற்றிவிடக்கூடாது என்கிற ஆத்திரம். போன வாரம் அதையும் திறந்துவிட்டேன். திறந்துவிட்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

நேற்றுத்தான் தைரியம் வந்து பார்த்தேன். முதலில் கை வைத்தவள் கீர்த்தனா. என் அர்ப்பணிப்பு, அன்பே உருவம் எல்லாவற்றையும் அழித்திருந்தாள். அதற்குப் பதில் அவள் எழுதியது இதுதான்: "தேன்மொழி மிஸ் வகுப்பில் கத்தும்போதெல்லாம் செலின் மிஸ் பக்கத்து வகுப்பிலிருந்து வந்து சாக்பீஸ் இருக்கிறதா என்று கேட்பார். இவர் தேடி எடுத்துக் கொடுப்பதற்குள் கோபம் போய்விடும். செலின் மிஸ் மேசை மேல் எப்போதும் ஒரு டப்பா நிறையச் சாக்பீஸ் இருக்கும். எங்கள் எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமும், ஒரு சாக்பீஸுக்கு வக்கில்லாதவள், கணக்கு டீச்சராம் கணக்கு டீச்சர் என்று உன்னைக் கிண்டல் செய்திருக்கிறேன். நீயும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போவாய். ஏன்டி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?

உன் வகுப்புக்கு இப்போது புது டீச்சராக ஒரு பெண் வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, ஆனால் கத்துகிறாள், என்னை மாதிரியே. இந்தச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், செலினக்கா, இனிமேல் கேட்டால் எழுந்து போய் அவளிடம் சாக்பீஸ் கேட்பேன்.

நீ கூடப்பிறக்காமலே பார்த்துக்கொண்ட தங்கச்சி,
தேன்மொழி